பொரி பொறுக்கிய விரல்கள்

"என் மகளுக்கு 9 மாதம் முடிந்துவிட்டது. பிறக்கும்போது 2.7 கிலோ, இப்போது 7.3 கிலோ. நன்றாக உட்காருகிறாள், ஆனால் தவழவே மாட்டேன் என்கிறாள். எதிர்வீட்டுக் குழந்தை 8 மாதத்தில் எழுந்து நின்றுவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் 'ஏன் இன்னும் தவழல?' என்கிறார்கள். வாக்கர் வாங்கலாமா, டாக்டரிடம் போகலாமா, காத்திருக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாக்கர் வேண்டாம். தவழவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்கு எப்படியும் போக வேண்டும். அன்றைக்கே எடையை அட்டையில் குறித்து, அவள் என்னென்ன செய்கிறாள் என்பதையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். இதுதான் சுருக்கமான பதில். நான் 14 வருடமாகக் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். தவழாத ஒரு மகனைப் பெற்று வளர்த்தவளும்கூட. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எடையை முதலில் பார்த்துவிடுவோம். பிறந்த எடை ஏறக்குறைய 5 மாதத்தில் இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். உங்கள் மகள் அந்தப் பாதையில்தான் போகிறாள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் தாய் சேய் நல அட்டையில் பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பில் ஒரு வரைபடம் இருக்கும். 9 மாதப் பெண் குழந்தைக்கு அதில் நடுக்கோடு 8.2 கிலோ. 6.5 கிலோவுக்குக் கீழே போனால்தான் மஞ்சள் பகுதி. 7.3 என்பது பச்சைக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற எடை.

"அதெல்லாம் வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் போட்ட கணக்கு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வரைபடம் அது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று 6 நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து வரைந்தார்கள். இந்தியாவிலிருந்து எடுத்தது தெற்கு டெல்லிக் குழந்தைகளை. தாய்ப்பாலும் சரியான சாப்பாடும் சுகாதாரமும் கிடைத்துவிட்டால் 5 வயது வரை எந்த ஊர்க் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளரும் என்பது அப்போதுதான் தெளிவானது.

ஆனால் ஒரே ஒரு எடையை வைத்துக்கொண்டு நானும் முழுதாக எதுவும் சொல்ல முடியாது. போன மாதம் எவ்வளவு, அதற்கு முந்தின மாதம் எவ்வளவு? நாலு புள்ளியைச் சேர்த்துக் கோடு போட்டால்தான் விஷயம் தெரியும். பச்சைக்குள் இருந்தாலும் இரண்டு மூன்று மாதமாகக் கோடு படுத்தே கிடந்தால் கவனிக்க வேண்டும். மஞ்சளை ஒட்டி இருந்தாலும் கோடு நிதானமாக ஏறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் அது அந்தக் குழந்தையின் உடல்வாகு. எடை பார்க்கும்போது அதே மெஷினில் பாருங்கள், டயப்பரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். நனைந்த டயப்பரும் ஜரிகை கவுனும் சேர்ந்தால் கால் கிலோ கூடக் காட்டும். அடுத்த மாதம் அவை இல்லாமல் பார்த்துவிட்டு, குழந்தை இளைத்துவிட்டது என்று வீடே அழும்.

இந்த வயதில் எடை ஏறும் வேகம் தானாகவே குறையும் என்பதையும் யாராவது தாய்மார்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதல் 3 மாதத்தில் பெண் குழந்தை சராசரியாக 3.2 கிலோவிலிருந்து 5.8-க்குப் போகிறாள். 9-லிருந்து 12 மாதத்துக்குள் 8.2-லிருந்து 8.9, அவ்வளவுதான். முந்தின வேகம் போய்விட்டதே என்று வாயைப் பிடித்துத் திணிக்கத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

நான் தவறியதும் இங்கேதான். மகனுக்கு 7 மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். எடை நன்றாக ஏறட்டும் என்று பசும்பால் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனேன். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், நடுவில் பால் சாதம். எடை ஏறியது. அட்டையில் கோடு பார்க்க அழகாக இருந்தது. 10-ம் மாதம் அவன் உள்ளங்கை வெளுத்துப்போயிருந்தது, நான் அதைப் பார்க்கவில்லை. எந்நேரமும் தூக்கச் சொல்லி அழுதான். பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போனால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். பல் முளைக்கிற தொந்தரவு என்று நினைத்துக்கொண்டேன். சளிக்காகப் போன இடத்தில் டாக்டர் கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். 11-ஐ ஒட்டி இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 7.8 இருந்தது. ரத்தசோகை.

தாய் வயிற்றிலிருந்து குழந்தை கொண்டுவரும் இரும்புச்சத்து ஏறக்குறைய 6 மாதத்துக்குத்தான் தாங்கும். அதற்கப்புறம் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றை நிரப்பிவிடுவதால் வேறு எதுவும் இறங்காது. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியவும் அது காரணமாகிறது. அதனால்தான் ஒரு வயது வரை பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்காதீர்கள் என்கிறோம். பாலை நிறுத்தி, இரும்புச்சத்து சொட்டு மருந்து தொடங்கி, பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை, நன்றாக மசித்த ஆட்டு ஈரல் என்று மாற்றினோம். கீரைப் பருப்பில் தக்காளியோ எலுமிச்சையோ கொஞ்சம் சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சில வாரத்தில், கட்டிலுக்கடியில் போன பந்தைத் தேடித் தரையோடு தலையைச் சாய்த்துப் பார்த்தான். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 6 மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்து கொடுக்க வேண்டும் என்று அரசுத் திட்டமே இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது கிடைக்கிறதா? கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். தவழாததை விட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சரி, தவழ்வதற்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் அதே ஆய்வில் 5 நாட்டுக் குழந்தைகளின் அசைவு வளர்ச்சியையும் மாதாமாதம் பதிவு செய்தது. பிடிமானம் இல்லாமல் உட்கார்வது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை. கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5.2-லிருந்து 13.5 வரை. தனியாக நடப்பது 8.2-லிருந்து 17.6 வரை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள். எதிர்வீட்டுக் குழந்தை அந்த இடைவெளியின் முன்பக்கத்தில் இருக்கிறது, உங்கள் மகள் நடுவில் இருக்கிறாள். இரண்டுமே ஆரோக்கியம்தான். இன்னொன்று, அந்த ஆய்வில் 100-க்கு 4 குழந்தைகளுக்குச் சற்று மேல் முட்டி போட்டுத் தவழவே இல்லை. நேரே நின்று நடந்துவிட்டார்கள்.

என் மகன் அந்த வகை. உட்கார்ந்தபடியே ஒரு கையைப் பின்னால் ஊன்றி, பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து வீடு முழுக்கப் போவான். இப்படிப்பட்ட குழந்தைகளைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி நிற்க வைக்கப் பார்த்தால் காலை ஊன்றாமல் இரண்டு காலையும் முன்னால் நீட்டிக் காற்றிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். முதல் தடவை பார்க்கும் தாய்க்கு வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது, படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் உதவவில்லை. என் மாமியார்தான், "இவங்க அப்பனும் இப்படித்தான் தேச்சுக்கிட்டே திரிஞ்சான். ஒன்றரை வயசுல நடந்தான்" என்றார். இது பெரும்பாலும் குடும்பத்தில் வருவதுதான். இவர்கள் நடக்கச் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் இரண்டு பக்கத்துப் பாட்டிகளிடமும் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் 5-ம் மாதம் செங்கீரை, 9-ம் மாதம் சப்பாணி என்று பருவம் வைத்துப் பாடினார்கள். செங்கீரை என்றால் கைகளை ஊன்றி முகத்தை நிமிர்த்தி அசைந்தாடுவது. சப்பாணி என்றால் இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. 9-ம் மாதத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது கை தட்டுவதை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தரும். நாங்களும் இந்த வயதில் காலைப் பார்ப்பதை விட அதிகமாகக் கையையும் முகத்தையும்தான் பார்க்கிறோம். வருகிறவர்கள் கேட்பதென்னவோ காலைப் பற்றி மட்டும்தான்.

கையை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். நான் வேலைக்குப் போன பிறகு மாமியார் ஒரு பழக்கம் வைத்திருந்தார். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில், அன்றைக்குப் பேரன் செய்ததைப் பென்சிலால் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். "வேத்து முகம் பாக்குறான்", "டம்ளரைத் தட்டிச் சத்தம் கேக்குறான்" என்று ஒரு வரிதான் இருக்கும். ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்ததும், "இங்க வந்து உக்காரு" என்றார். தட்டில் கொஞ்சம் பொரியைச் சிதறவிட்டு அவன் முன்னால் வைத்தார். இரண்டு மாதம் முன்னால் வரை அவன் பொரியை உள்ளங்கையால் வாரித்தான் பார்ப்பான். அள்ளிய கையைத் திறந்தால் ஒன்றுகூட இருக்காது. அன்றைக்கு அவன் கை தட்டுக்கு மேலே வந்து நின்றது. மற்ற மூன்று விரலும் உள்ளே மடங்கிக்கொண்டன. ஆள்காட்டி விரல் நீண்டு ஒரு பொரியைத் தொட்டது. அது நகர்ந்தது. விரலும் கூடவே போனது. கட்டை விரல் பக்கவாட்டிலிருந்து மெதுவாக வந்து சேர்ந்தது. ஒற்றைப் பொரி இரண்டு விரல் நுனிக்கும் நடுவில் மேலே வந்தது. அதை வாயில் போடாமல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கை அசைவுக்கான மூளைப் பகுதி முதிர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இந்த வயதில் குறைவு. ஏறக்குறைய 9-லிருந்து 12 மாதத்துக்குள் வரும். உங்கள் மகளுக்கும் வைத்துப் பாருங்கள், ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை எதையும் வைக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும்.

அப்புறம் முகம். தெரியாதவர்கள் தூக்கினால் அழுகிறாளா? ஊரில் "வேத்து முகம் பாக்குது" என்று சொல்வது இதைத்தான். உங்களையும் மற்றவர்களையும் அவள் மனதில் பிரித்து வைத்துவிட்டாள் என்று பொருள். 8, 9 மாதத்தில் வர வேண்டியது வந்திருக்கிறது, பிடிவாதம் என்று திட்டாதீர்கள். முந்தானையால் பொம்மையை மூடினால் துணியை இழுத்துத் தேடுகிறாளா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? "தாத்தாத்தா", "பபபபா" என்று அடுக்கிப் பேசுகிறாளா? இந்த நாலைந்து கேள்விக்கும் ஆமாம் என்றால், தவழ்வதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். "எல்லாம் தானா வந்துடும்" என்ற பேச்சை நம்பி ஒரு வருடம் தள்ளி வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 3 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்காதது, 5 மாதத்தில் தலை நிற்காதது, 9 மாதம் முடிந்தும் பிடிமானமின்றி உட்கார முடியாதது, 10 மாதத்தில் அடுக்கிப் பேசாதது, ஒன்றேகால் வயதில் எதையும் விரல் நீட்டிக் காட்டாதது, ஒன்றரை வயதில் நடக்காதது, இவற்றில் எது இருந்தாலும் காட்டிவிடுங்கள். ஒரு வயதுக்குள் எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டி, மறுகையை மூடியே வைத்திருந்தாலும் காட்டுங்கள். "வலக்கைப் பழக்கம் இப்பவே வந்துடுச்சு" என்று வீட்டில் மகிழ்வார்கள். அந்த வயதில் அப்படி ஒரு கைப்பழக்கம் வரக் கூடாது, மறுகையில் பலவீனம் இருக்கலாம். நேற்று வரை செய்ததை இன்று மறந்துவிட்டால் எந்த வயதானாலும் அது அவசரம்.

இன்னொரு அவசரம், பலரும் தவறவிடுவது. தூங்கி எழுந்ததும் குழந்தை திடீரென்று தலையையும் கைகளையும் முன்னால் வெட்டி மடக்கும், சில நொடியில் மறுபடியும், மறுபடியும், வரிசையாக. வயிற்று வலி என்றும், பயந்துகொண்டது என்றும் மந்திரிக்கப் போவார்கள். அது ஒருவகை வலிப்பு. பெரும்பாலும் 3 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் தொடங்கும். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை நல மருத்துவரிடம் ஓடுங்கள். சிகிச்சை தொடங்குவதில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதம் "ங்கா" என்று சத்தம் போடும் என்பதால் வீட்டில் தெரியாமலே போய்விடும். சந்தேகம் இருந்தால் பின்னால் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை செய்யுங்கள். காது கேட்க உதவும் காக்ளியர் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே இருக்கிறது. சீக்கிரம் போனால் பேச்சு நன்றாக வரும். மற்ற வளர்ச்சிக் குறைகளுக்கு மாவட்ட அளவில் அரசு ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, பணம் கட்ட வேண்டாம்.

உங்கள் மகள் குறைமாதத்தில் பிறந்தவளா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் எத்தனை வாரம் முந்திப் பிறந்தாளோ அதைக் கழித்துவிட்டுத்தான் வயதைக் கணக்கிட வேண்டும், 2 வயது வரை. 8 வாரம் முந்திப் பிறந்தவள் என்றால் இப்போது அவளுக்கு வளர்ச்சிக் கணக்கில் 7 மாதம்தான்.

வாக்கர் ஏன் வேண்டாம் என்கிறேன்? அதில் குழந்தை உட்கார்ந்துகொண்டு கால் விரல் நுனியால் உந்தித் தள்ளும். நடக்கத் தேவையான இடுப்புப் பலமும் தடுமாறி நிமிரும் பழக்கமும் அதில் வராது. தன் காலையே அவளால் பார்க்க முடியாது. படியில் கவிழ்வதும், அடுப்படிக்குப் போய்ச் சூடான பாத்திரத்தை இழுப்பதும் நொடியில் நடக்கும். கனடா 2004-ல் இதை விற்கவே தடை போட்டுவிட்டது. நம்மூர் மரத்து நடைவண்டி வேறு. மூன்று சக்கரம் வைத்து, குழந்தை தானே எழுந்து நின்று தள்ளிப்போவது. அவள் எதையாவது பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கியதும் தாராளமாக வாங்குங்கள்.

இப்போதைக்குத் தேவை பாயும் தரையும்தான். நம் வீடுகளில் குழந்தை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு, அங்கிருந்து தூளிக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். தரையில் விட்டால் சளி பிடிக்கும், எறும்பு கடிக்கும் என்பார்கள். பாயை விரித்து, விழித்திருக்கும்போதெல்லாம் அதில் விடுங்கள். கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள், எதிரே நீங்களும் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பிடித்ததை, என் மகனுக்கு அது கரண்டி, கை எட்டும் தூரத்துக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். ரொம்பத் தள்ளினால் அழுதுவிட்டு விட்டுவிடுவாள். சாக்ஸைக் கழற்றிவிடுங்கள், வெறும் காலில்தான் பிடிமானம் கிடைக்கும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

கால் பலம் வர வேண்டும் என்று யாராவது கையைக் காலைப் பலமாக முறுக்கி எண்ணெய் தேய்த்தால் தடுத்துவிடுங்கள். இதமாகத் தேய்ப்பது நல்லது, குழந்தைக்கும் பிடிக்கும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது கூடவே கூடாது, மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் போய்விடும்.

மகன் இப்போது 7-ம் வகுப்பு. போன மாதம் அலமாரியை ஒதுக்கும்போது அந்த பிஸ்கட் டப்பா கிடைத்தது. பொரி பொறுக்கிய நாள் இருந்தது. அவன் வெளுத்துக் கிடந்த நாட்களில் மாமியார் எழுதிய தாள்களும் இருந்தன: "இன்னிக்கு விளையாடல." நாலைந்து நாள் தொடர்ந்து அதே வரி. அப்போது நான் அவற்றைப் படித்திருக்கவில்லை. அவன் நடந்த நாளின் தாளும் அடியில் கிடந்தது. 16 மாதம் முடிந்து சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் கரண்டியோடு எழுந்து வாசலைப் பார்த்துப் போனான். அன்றைக்கு நான் வீட்டில் இருந்ததால் நானே எழுதினேன், "நாலு எட்டு வைத்தான்" என்று. அதற்குக் கீழே மாமியார் பென்சிலால் திருத்தியிருக்கிறார்: "அஞ்சு."